தாழ்வாக வந்த பந்து

நான் குள்ளம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. என் கல்யாணப் படத்தில் நான் ஒரு பலகைத் துண்டின் மேல் நிற்கிறேன். கூறைச்சேலை அதை மறைத்திருக்கிறது. கனடாவுக்கு வந்து மில்லிக்கனில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து குசினி அலுமாரியின் மேல்தட்டுகள் என் கணவரின் பொறுப்பாக இருந்தன. அவர் இறந்த பிறகு அந்தத் தட்டுகளில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. ஒரு ஸ்டூல் வாங்கி சிங்குக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆனால் அதில் ஏறுவதற்குப் பயம். விழுந்தால் தூக்குவதற்கு வீட்டில் ஆளில்லை.

மகள் கல்யாணம் முடித்து அஜக்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டாள். இந்தப் பக்கம் வாங்கக் கட்டாது என்றாள், அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்பாள். பிறகு 401 நெடுஞ்சாலையில் நெரிசல் என்பாள், பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் என்பாள். வீட்டை விற்றுவிட்டுத் தங்களுடைய பேஸ்மன்டில் வந்து இருக்கச் சொன்னாள். நிலத்துக்குக் கீழே போவதற்கு எனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அது எப்போதுமே மூக்கு நுனியில்தான் இருக்கும், ஆகையால் இரண்டு பேரும் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

வீட்டில் ஒரு ஆள் இருந்தால் மகள் வாயை மூடுவாள் என்றுதான் மேல்மாடி அறையை வாடகைக்குக் கொடுக்க நினைத்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு வீடு ஒழுங்கு செய்கிற ஒரு இடத்தில் பதிந்தேன். பெண்பிள்ளையாக இருக்கவேண்டும், சத்தம் போடக்கூடாது, மீன் மணத்துக்கு மூக்கைச் சுளிக்கக்கூடாது என்று சொல்லிவைத்தேன். செப்டெம்பரில் வந்து நின்றவன் ஒரு ஜப்பான்காரப் பையன். தோள் அகலம், கழுத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. வாசலில் நின்று இடுப்பு வரைக்கும் குனிந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன். எனக்குக் குனிவதற்கு அதிகம் இடமில்லை.

மாதா கோயிலில் என்னோடு பாட்டுக்குழுவில் நிற்கிற ஒருத்தி, தமிழும் ஜப்பான் பாஷையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், கெதியாக விளங்கிக்கொள்வான் என்றாள். விளங்கியதாகத் தெரியவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதற்குக்கூட அவனுக்கு இரண்டு மாதம் எடுத்தது, அதுவும் நான் வற்புறுத்திக் கேட்டபடியால். அவனுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் இரண்டு நொண்டிகள் கைபிடித்து நடப்பதைப்போல நடந்தன. மற்றவர்கள் என்னை அழைப்பதைக் கேட்டு அவனும் அன்ரி என்று சொல்லப் பழகினான்.

அவன் ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவன். ஒரு வருடம் லீவு எடுத்து ஆங்கிலம் படிக்க வந்திருந்தான். அது தகப்பனின் விருப்பம். அவனுடைய மனம் முழுவதும் அங்கே விட்டுவிட்டு வந்த அமெரிக்கன் புட்போல் அணியில் இருந்தது. ஹெல்மெற் போட்டுக்கொண்டு ஆளையாள் இடிக்கிற அந்த விளையாட்டை ஜப்பானில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து விளையாடுகிறார்கள் என்பது எனக்குப் புதினம். அணியில் நூறு பேருக்கு மேல் என்றான். அதில் பாதிப்பேர் ஒரு நாளும் மைதானத்துக்குள் இறங்கமாட்டார்கள். தண்ணீர் கொடுக்கிறவர்கள், உச்சியில் ஏறி நின்று வீடியோ எடுக்கிறவர்கள், கணுக்காலுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் எல்லோரும் மாணவர்கள்தான். நாலாம் வருடத்தின் கடைசி ஆட்டத்தோடு எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கோட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள், பந்தைத் தொடமாட்டார்கள். அவனுக்கு அந்தக் கடைசி வருடம் மிச்சம் இருந்தது.

அவன் அங்கே செய்கிற வேலையைச் சொன்னபோது நான் நம்பவில்லை. பந்தை முன்னுக்குக் கொண்டுபோக நாலு வாய்ப்பாம். முடியாமல் போனால், கடைசி வாய்ப்பில் அதைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்களாம். உதைக்கிறவன் பதினைந்து யார்ட் பின்னுக்கு நிற்பான். முன்வரிசையில் ஒருவன் குனிந்து, தன்னுடைய இரண்டு கால்களுக்கும் நடுவால் பந்தை அவனுடைய கைக்கு எறியவேண்டும். அதுதான் இவன். லோங் ஸ்னாப்பர் என்று பெயர். ஒரு ஆட்டத்தில் நாலைந்து தடவை உள்ளே வருவான், எறிவான், இடி வாங்குவான், வெளியே போவான். ஒழுங்காக எறிந்தால் ஒருவரும் அவனைக் கவனிக்கமாட்டார்கள். பிழைத்தால்தான் அவனுடைய பெயர் அடிபடும். தனக்கு ஓடவும் தெரியாது, பிடிக்கவும் தெரியாது, இது ஒன்றுதான் வரும் என்றான். கனடாவில் விளையாடுகிற முறையில் ஒரு வாய்ப்புக் குறைவாம், மூன்றோடு சரியாம், அதனால் இங்கே அடிக்கடி உதைக்கவேண்டி வரும், லோங் ஸ்னாப்பருக்கு வேலை அதிகம் என்று பெரிய அதிர்ஷ்டத்தைச் சொல்வதுபோலச் சொன்னான்.

ஒரு வருடம் போய்வர விட்ட அணித்தலைவனுக்கு ஒவ்வொரு நாளும் எறிந்து பழகுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். திரும்பிப் போகும்போது கை பழுதாகியிருந்தால் அவனுடைய இடத்தில் வேறு ஒருவன் நிற்பான். கடைசி வருடத்தை வெளியே நின்று கைதட்டிப் போக்கவேண்டியதுதான்.

இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. முதலில் அறிந்தது சத்தம். பாண் ரொட்டி செய்கிற ஃபக்டரியில் எனக்குக் காலை வேலை, பின்னேரம் வந்து கொஞ்சம் சரிவேன். ஒரு நாள் கராச் பக்கம் வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், இவன் தன் பின்பக்கத்தை என் கராச்சுக்குக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறான். கராச் கதவில் ஒரு பள்ளம். நான் வாயில் வந்ததையெல்லாம் தமிழில் பேசினேன். அவன் எழும்பாமலே, குனிந்த நிலையில் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

அடுத்த நாள் பின்வளவு வேலிக்கு எறிந்தான். பக்கத்து வீட்டுச் சீனக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வையே காணும். அதன் பிறகு வேலிக்கு அப்பால் இருக்கிற பார்க்குக்குப் போனான். படிக்கிற இடத்தில் இரண்டு பையன்களைப் பந்து பிடிக்க வரச்சொல்லிக் கேட்டிருக்கிறான்; ஒருவன் ஒரு நாள் வந்தான், அலுத்துப்போய்விட்டது. கடைசியில் என்னிடம் ஒரு பழைய படுக்கைவிரிப்பு வாங்கி, பார்க்கில் பேஸ்போல் விளையாடுகிற கம்பிவலையில் கட்டினான். குனிந்து எறிவான். பந்து விரிப்பில் பட்டு விழும். பதினைந்து யார்ட் நடந்துபோய் எடுப்பான். பதினைந்து யார்ட் திரும்பி வருவான். குனிவான். என்னையும் வந்து பிடிக்க முடியுமா என்று ஒரு தரம் கேட்டான். எனக்கு விசரா என்று கேட்டேன்.

குசினி யன்னலால் அந்தப் பார்க் தெரியும். ஒரு பின்னேரம் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது அவனைக் கன நேரம் பார்த்தேன். எறிகிற நேரம் ஒரு கண்சிமிட்டல்தான். மிச்சமெல்லாம் நடை. தனியாகப் போவதும் தனியாக வருவதும். நானும் இந்த வீட்டில் இப்படித்தான் நடக்கிறேன் என்று தோன்றியது. குசினியிலிருந்து ஹோலுக்கு, ஹோலிலிருந்து குசினிக்கு. நான் வைத்த பொருளை நானே எடுக்கிறேன், ஒருவரும் திருப்பித் தருவதில்லை. கையைத் துடைத்துவிட்டு, என் கணவருடைய பழைய சிவப்பு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, வேலிக் கதவைத் திறந்து போனேன்.

அவன் என்னை விரிப்புக்கு முன்னால் நிறுத்தினான். இரண்டு கைகளையும் விரித்து, கட்டைவிரல்களைச் சேர்த்துப் பிடிக்கக் காட்டினான். பிள்ளையை வாங்குவதுபோல அணைத்துப் பிடிக்கக்கூடாதாம். முதல் பந்து என் நெஞ்செலும்பில் வந்து இடித்தது. இரண்டாவது சின்னவிரலில் பட்டு அது ஒரு கிழமை வீங்கிக் கிடந்தது. ஆனாலும் நான் பந்தைத் திருப்பி எறிந்தேன், அவன் நடக்கவேண்டியிருக்கவில்லை. அது அவனுடைய முகத்தில் தெரிந்தது. அடுத்த நாளும் போனேன். பிறகு ஒவ்வொரு நாளும் போனேன்.

வேலையால் வந்ததும் தேத்தண்ணி ஊற்றுவேன். அவன் ஒரு நாள் என்னைக் கேட்காமலே அலுமாரி மேல்தட்டுகளைத் துடைத்து, இருந்த சாமான்களையெல்லாம் மேசையில் பரப்பியிருந்தான். அதில் என் கணவர் வேலைக்குக் கொண்டுபோகிற ஃப்ளாஸ்க் இருந்தது. திரும்பவும் மேலே வைக்கவா என்று கேட்டான். வேண்டாம், கீழே இருக்கட்டும் என்றேன். அந்த ஃப்ளாஸ்கில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு பார்க்குக்குப் போவோம். அவன் புல்லில் கால் வைக்கமுன் வெறும் பார்க்குக்குக் குனிந்து வணக்கம் சொல்வான். அங்கே அணியில் எல்லோரும் அப்படித்தானாம். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, ஆராவது தமிழ் ஆட்கள் பார்த்துவிடுவார்களோ என்று. பிறகு பழகிவிட்டது.

அவன் குனிந்து, காலுக்கு நடுவால் என்னைப் பார்ப்பான். என்னைத் தலைகீழாகப் பார்த்த ஆள் உலகத்தில் அவன் ஒருவன்தான். நான் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, “வரட்டும்” என்பேன். பந்து சுழன்றுகொண்டு வரும். மெல்ல மெல்ல அது நேராக என் இரண்டு கைகளுக்குள்ளும் வந்து விழத் தொடங்கியது. நான் கையை அசைக்கவே வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் பிடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். இவ்வளவு சரியாக ஒரு பொருள் என்னை நோக்கி வந்து எத்தனையோ காலம்.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே வந்தாள். குசினியில் என்னைக் காணாமல் யன்னலால் பார்த்திருக்கிறாள். நான் உள்ளே வந்தபோது வாசலில் நின்று என் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

“அம்மா, உங்களுக்கென்ன விசரே? விரல் முறிஞ்சா ஆர் பாக்கிறது? ஐம் சீரியஸ்.”

முறிந்தால் முறியட்டும், என்னுடைய விரல்தானே என்றேன். அவள் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகும்போது காரில் இருந்து எனக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பினாள். பாதி ஆங்கிலத்தில் இருந்தது. நான் முழுக்க வாசிக்கவில்லை.

டிசம்பரில் பெரிய பனி கொட்டியது. யன்னலால் பார்க்கை மூடிக் கிடந்த வெள்ளையைப் பார்த்து, இனி இது நின்றுவிடும் என்று நான் உண்மையாகவே பயந்தேன். பந்துக்காக அல்ல. பின்னேரங்களுக்காக. நான் வேலையால் வந்தபோது என் பனி அள்ளுகிற ஷவலைக் காணவில்லை. அவன் பார்க்கில் நின்று அள்ளிக்கொண்டிருந்தான். ஒரு ஆள் நடக்கிற அகலத்தில், பதினைந்து யார்ட் நீளத்துக்கு ஒரு பாதை வெட்டியிருந்தான். எங்கேயிருந்தும் வராத, எங்கேயும் போகாத பாதை. ஒரு முனையில் அவன், மறுமுனையில் நான், இரண்டு பக்கமும் முழங்கால் அளவுக்குப் பனி. அடுத்த பனிக்கு வேலிக் கிழவரும் தன் ஷவலைக் கொண்டுவந்து, நான் நிற்கிற இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி அகலமாக்கினார். வேலை முடிந்ததும் ஷவலைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நத்தார்ப் பண்டிகைக்கு அவன் எனக்குப் பந்து பிடிக்கிற கையுறை தந்தான், உள்ளங்கை ஒட்டிப்பிடிக்கிற சாதி. சின்னப் பிள்ளைகளுக்கான அளவுதான் எனக்குச் சரியாக இருந்தது. ஊறுகாய்ப் போத்தல் திறப்பதற்கு அதைப்போல ஒரு சாமான் இல்லை.

மே மாதக் கடைசியில் போனான். விமான நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் இடுப்பு வரைக்கும் குனிந்தான். நான் குனியவில்லை, குனிந்தால் கண்ணீர் விழுந்துவிடும் என்று நேராக நின்றேன். கொண்டுவந்த பந்துகளில் ஒன்றை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அதன் பிறகு வீடு முன்பு இருந்ததைவிட மோசமாகிவிட்டது. முன்பு வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது பின்னேரமானால் கை தானாக ஜக்கெற்றை எடுத்துவிடும். எடுத்த பிறகுதான் போவதற்கு இடமில்லை என்று விளங்கும். அவன் முதலில் ஒவ்வொரு நாளும் செய்தி அனுப்பினான், பிறகு கிழமைக்கு ஒரு தடவை, பிறகு சோற்றுக் கோப்பையின் படம் மட்டும். நான் குறை சொல்லவில்லை. அவனுக்கு அங்கே நூறு பேர் இருந்தார்கள்.

ஓகஸ்டில் வீடியோவில் அழைத்தான். மெலிந்து கறுத்திருந்தான். துக்கமான விஷயத்தைச் சிரித்துக்கொண்டு சொல்வது அவனுடைய பழக்கம், அன்றைக்கு நிறையச் சிரித்தான். அவன் எறிகிற பந்து தாழ்வாகப் போகிறதாம். இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இல்லை, நேராகத்தான் போகிறது, ஆனால் உதைக்கிறவனின் தொடைக்கு. பயிற்சியில் சிலவேளை சரியாக வருகிறது. எதிரே ஆட்கள் பாய்ந்து வரும்போது, யோசிக்க நேரமில்லாதபோது, கை பழைய இடத்துக்கே எறிகிறது. உதைக்கிறவன் அணியிலேயே உயரமானவன். அவன் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் எதிரணி வந்துவிடுகிறது. ஒரு பயிற்சி ஆட்டத்தில் உதையை மறித்து விழுத்திவிட்டார்கள். பயிற்சியாளர் இப்போது ஒரு இரண்டாம் வருடப் பையனை வைத்துப் பார்க்கிறார். இன்னும் சில கிழமைகளில் போட்டிகள் தொடங்குகின்றன. ஏன் தாழ்கிறது என்று நான் கேட்டேன். தெரியாது என்றான்.

போனை வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். எப்போதாவது எடுக்கிற பெரிய பானை மேல்தட்டில் இருந்தது, அவன் போகமுன் எல்லாவற்றையும் கழுவி அடுக்கியபோது அங்கே வைத்துவிட்டான். பந்தை எடுத்து ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் ஏறினேன். ஏறி நின்று பானையைப் பிடித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் அப்படியே ஸ்டூலில் இருந்துவிட்டேன். அவனுடைய கை பழுதாகவில்லை. பழகியபடியே எறிகிறது. இலையுதிர்காலம் முழுக்க, பனிக்காலம் முழுக்க அவன் எறிந்தது என்னுடைய கைக்கு. என் கை இருக்கிற உயரத்தில் உதைக்கிற அந்த நெடுவலின் தொடை இருக்கிறது.

நான் பிடிக்கப் போகாமல் விட்டிருந்தால் அவன் அந்த விரிப்பில் ஒரு கோடு கீறி, சரியான உயரத்துக்கு எறிந்திருப்பான். தனியாக நடந்திருப்பான், ஆனால் அணியில் அவனுடைய இடம் ஆட்டம் கண்டிருக்காது. எனக்கு அழுகை வந்தது. அங்கே காலையாகும்வரை பொறுத்திருந்து திரும்ப அழைத்தேன். கையை என் இடுப்புக்கு நேரே வைத்துக் காட்டி, இதுதான் காரணம், நான் குள்ளம் என்று சொன்னேன்.

தனக்குத் தெரியும் என்றான். முதல் கிழமையிலேயே தெரியுமாம், ஊருக்குப் போனதும் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். எனக்கு வந்த கோபத்தில் தமிழிலேயே கத்தினேன்.

“சொல்லியிருக்கலாமேடா. நான் ஸ்டூலைக் கொண்டுவந்து ஏறி நிண்டிருப்பனே.”

அவனுக்கு ஸ்டூல் என்ற சொல் விளங்கியிருக்கவேண்டும். தலையை ஆட்டிவிட்டு, தன் நொண்டி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்.

“சொன்னால் அன்ரி அடுத்த நாள் வரமாட்டீங்கள்.”

அது உண்மை. ஸ்டூலில் ஏறியிருப்பேன் என்றது சும்மா. நான் பயன்படவில்லை என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அன்றைக்கே ஜக்கெற்றைக் கழற்றியிருப்பேன். என்னை அவ்வளவுக்கு அறிந்துவைத்திருந்தான். அந்தப் பின்னேரங்கள் எனக்கு மட்டும் தேவைப்பட்டவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் காணிக்கை நேரத்தில், மாதாவே, ஒரு பந்து கொஞ்சம் உயரவேண்டும் என்று செபித்தேன். போர், வருத்தம், விசா என்று எல்லாவற்றுக்கும் அவவிடம் கேட்டிருக்கிறேன், ஆனால் இதைக் கேட்கும்போது என் பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டுவிடுமோ என்று உதட்டை அசைக்கவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து போனைப் பார்த்தபோது அவனுடைய செய்தி இருந்தது. ஒரு வீடியோவுக்கான தொடுப்பு, கீழே இரண்டு சொல்: கடைசி ஆட்டம். அவன் விளையாடினானா இல்லையா என்று எழுதவில்லை. நான் கோயில் சேலையை மாற்றாமலே, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, குசினி மேசையில் இருந்தேன்.

பெரிய மைதானம். ஆட்கள் கொடி பிடித்து மேளம் அடித்தார்கள். ஜப்பான் பாஷையில் இருவர் விடாமல் கதைத்தார்கள். எனக்கு அந்த விளையாட்டில் விளங்குகிறது ஒன்றே ஒன்றுதான்: அவனுடைய அணியால் பந்தை முன்னுக்குக் கொண்டுபோக முடியாமல் போனால்தான் அவன் வருவான். அதனால் அவனுடைய பிள்ளைகள் நன்றாக ஓடினால் எனக்கு ஆத்திரமாக வந்தது. விழுந்தால் சந்தோஷம். நூறு பேருக்கும் அவர்களுடைய தாய் தகப்பனுக்கும் துரோகம் செய்துகொண்டு நான் அந்த மேசையில் இருந்தேன்.

கடைசியில் முடியாமல் போனது. ஆட்கள் மாறினார்கள். ஹெல்மெற்றுக்குள் முகம் தெரியவில்லை, ஆனால் ஒருவன் வந்து பந்துக்கு முன்னால் நின்று, குனிந்தான். அந்த முதுகை நான் எங்கே கண்டாலும் அறிவேன். பதினைந்து யார்ட் பின்னால் உதைக்கிறவன் நின்றான். முழங்காலை மடித்து, கைகளைக் கீழே நீட்டிக்கொண்டு, பதுங்கினவனைப்போல நின்றான். பாவம், என்னைப்போலக் கட்டையன் என்று நினைத்தேன். அந்த உயரமானவனை மாற்றிவிட்டார்களாக்கும்.

“வரட்டும்” என்றேன். வெறும் குசினியில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பந்து போனது. அந்தக் கட்டையன் கையை அசைக்கவேயில்லை, அது நேராக அதற்குள் போய் விழுந்தது. அடுத்த நொடி உதைத்துவிட்டான். கமரா பந்தோடு வானத்துக்குப் போய்விட்டது, என்னுடைய பையன் கீழே எங்கேயோ இடி வாங்கிக்கொண்டு கிடந்தான். ஒருவரும் அவனுடைய பெயரைச் சொல்லவில்லை. கதைத்தவர்கள் பந்தைப் பற்றித்தான் கதைத்தார்கள். நான் கைதட்டினேன்.

இன்னும் சில தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டையன் மடிந்து நின்றான், ஒவ்வொரு தடவையும் பந்து அவனுடைய கைக்குள் போனது, ஒவ்வொரு தடவையும் கமரா மேலே போனது. அவர்கள் தோற்றுவிட்டார்கள். நாலாம் வருடப் பிள்ளைகள் தரையில் இருந்து அழுதார்கள். பிறகு வரிசையாக நின்று ஆட்களுக்கு முன்னால் குனிந்தார்கள். நூறு முதுகில் அவனுடையதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது கமரா உதைக்கிறவனைக் கிட்டக் காட்டியது. அவனுடைய சட்டை இலக்கம் எனக்கு இப்போது பாடம். ஹெல்மெற்றைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். நிமிர்ந்துகொண்டே போனான். பக்கத்தில் நின்றவர்களின் தலை அவனுடைய தோளுக்குத்தான் வந்தது.

ஒருவரையும் மாற்றவில்லை. எறிகிறவனின் கையைத் திருத்த நேரமில்லாதபடியால் பிடிக்கிறவனை மடித்திருக்கிறார்கள். அந்த நெடுவல் இவ்வளவு நாளும், இவ்வளவு சனத்துக்கு முன்னால், முழங்காலை மடித்து என்னுடைய உயரத்தில் நின்றிருக்கிறான். நான் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

இதை யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது. மகளுக்கு எடுத்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், ஓம் என்றேன், சாப்பிட்டிருக்கவில்லை. என்ன குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள்.

“ஜப்பானிலை ஒருத்தன் எனக்காகக் குனிஞ்சு நிண்டவன், பிள்ளை” என்றேன்.

“ஆரம்மா?” என்றாள். நான் சொல்லத் தொடங்கினேன். பின்னால் பிள்ளை வீரிட்டு அழுதது. பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

வெளியே பனி தூறத் தொடங்கியிருந்தது. பார்க் மெல்ல மெல்ல வெள்ளையாகிக்கொண்டிருந்தது, நடுவில் பாதை ஒன்றும் இல்லை. இன்றோடு அவர்களுக்கு எல்லாம் முடிந்தது. என் பையன் இனிப் பந்தைத் தொடமாட்டான், அந்த நெடுவலும் கோட் போட்டுக்கொண்டு நிமிர்ந்து வேலைக்குப் போவான். என் உயரத்துக்கு இனி ஒருவரும் குனியவேண்டியதில்லை. நான் வீடியோவைப் பின்னுக்கு இழுத்து, அந்த நெடுவல் முழங்காலை மடிக்கிற இடத்திலிருந்து திரும்பப் போட்டேன்.